ராம்தீன் வயலில் பூத்த கரும்பு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டதால் வரிகள் தானாக மேலே ஏறிவிடுகின்றன. எந்த இடத்தில் எந்த ரகரம் போடுவது என்ற குழப்பம் பாதிரியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்த நாளிலிருந்தே உண்டு. அதற்கு மேல் படிக்கவில்லை. பிழையைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

கரும்புப் பண்ணையில் இப்போது வேலை பார்க்கும் இளைய ஆட்கள் இருவர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். பூக்கதிர்களுக்குக் கட்டும் துணிப்பைகளுக்கு மஞ்சள் சாயம் போடும் வழக்கத்தைப் புதிய அதிகாரி நிறுத்திவிட்டாராம். வெள்ளைத் துணியே போதும், சாயம் வீண் வேலை என்கிறாராம். "நீங்க இருந்த காலத்துலதானுங்களே சாயம் போட ஆரம்பிச்சது? எதுக்குங்க போட்டீங்க?" என்று கேட்டார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்களுக்கான பதில் இது.

எனக்குச் சொந்த ஊர் காரமடைக்குப் பக்கம். பண்ணையில் களை வெட்டும் கூலியாகத்தான் சேர்ந்தேன். பிறகு தொட்டிகளில் நாற்று வளர்க்கக் கற்றுக்கொண்டேன். கரும்பு விதை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தூசி. மக்கிய குதிரைச் சாணத்தில் மணலைக் கலந்து, அதன்மேல் தூவி, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் ஈரம் காட்ட வேண்டும். அதன் பிறகு கதிர்களுக்குப் பை கட்டும் வேலை வந்தது. கடைசிவரை அதில்தான் இருந்தேன்.

என்னைப் பை கட்டும் வேலைக்கு எடுத்தவரை நாங்கள் அய்யா என்போம். பண்ணையில் பெரிய பதவியில் இருந்தவர். மெலிந்த உடம்பு. கோட்டுப் பையிலிருந்து ஒரு கயிறு தொங்கும், அதன் நுனியில் பூதக்கண்ணாடி. வயலுக்குள் இறங்கும்போது செருப்பை வரப்பில் கழற்றிவிடுவார். கூலிக்காரர்கள் செருப்பில்லாமல் நடக்கிற இடத்தில் தனக்கும் வேண்டாம் என்பதற்கா, மண்ணின் ஈரம் காலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்கா என்று நான் கேட்டதில்லை. அவர் யாருக்கும் ஆணை இட்டு நான் பார்த்ததில்லை. "ராசப்பா, இந்த வரிசைக்கு இன்னைக்குத் தண்ணி விடலாமா?" என்பார். விடு என்று அர்த்தம். "இதை வெட்டிடலாமா?" என்றால் வெட்டு என்று அர்த்தம். புது ஆட்கள் அதை நிஜமான கேள்வி என்று நினைத்து யோசனை சொல்லப் போய் விழிப்பார்கள்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கரும்பைக் கணுவோடு துண்டாக, கரணையாக வெட்டி நட்டால் தாய் எப்படியோ அப்படியே பிள்ளையும் இருக்கும். புதுக் கரும்பு வேண்டுமென்றால் அது பூக்க வேண்டும். ஒரு கரும்பின் பூவில் இன்னொன்றின் மகரந்தம் சேர வேண்டும். நம் கோயமுத்தூர் மண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் கரும்பு தாராளமாகப் பூக்கும். வடக்கே அப்படியில்லை. அங்கே குளிரையும் தேங்கிய தண்ணீரையும் தாங்குகிற ஒல்லி நாட்டுக் கரும்பு உண்டு, ஆனால் அது பூப்பது அரிது. இங்கே கொண்டுவந்து நட்டாலும் உரிய காலத்தில் பூக்கவில்லை. அதன் பூ கிடைத்துவிட்டால் வடக்கத்தி உழவர்களுக்கு நல்ல கரும்பு ஒன்று செய்துவிடலாம் என்பது அய்யாவுக்கு நெடுநாள் ஆசை.

அதனால்தான், அதன் மண்ணிலேயே தங்கிக் காத்திருந்து பார்க்கலாம் என்று, அவரும் நானும் ஒரு மாசி மாதம் வடக்கே போனோம். எங்கள் கரும்புக் கரணைகளின் வெட்டு வாயில் மெழுகு தடவி, ஈரக் கரித்தூளில் பொதிந்து, சாக்கில் கட்டி எடுத்துப் போனோம். ரயில் மாறி மாறிப் போய், கங்கைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய ஊரில் இறங்கினோம். பெயர் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது. ஒரு கடைத்தெரு, ஒரு சர்க்கரை ஆலைப் புகைக்கூண்டு, மற்றதெல்லாம் வயல். வானம் தெளிந்திருந்தால் நேபாளத்து மலை கோடு மாதிரி தெரியும். சந்தை நாளில் மாட்டு வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். எங்கே திரும்பினாலும் வெல்லம் காய்ச்சும் வாசனையும் கடுகெண்ணெய் வாசனையும். சமமான பூமி. ஒரு பாறையோ கரட்டுக் குன்றோ கண்ணில் படாது. மலையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்தச் சமவெளி முதலில் பயமாக இருந்தது.

ராம்தீன் என்ற உழவரின் வயலில் எங்கள் கரும்பை ஒரு பாதியிலும் அவருடைய நாட்டுக் கரும்பை மறுபாதியிலும் நட்டோம். அவர் வீட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் தங்கினோம். அவர் என் சாதியைக் கேட்கவில்லை. மதராஸ்காரன் என்பதே அவருக்குப் போதுமான தூரமாக இருந்தது. அவருக்கு மனைவி இல்லை. ஒரே மகன் பிர்ஜு. அறுவடை முடிந்ததும் அவனுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

அவர்கள் பேச்சு எனக்கு மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. எனக்குப் புரிந்ததை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது.

பிர்ஜு சும்மா இருக்கிற ஆள் இல்லை. நான் அய்யாவை "ஏனுங்க அய்யா" என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, அது என்ன என்று கேட்டான். பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடுவது என்றேன். மறுநாள் காலையில் பார்த்தால் தன் எருதுகளை "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

ராம்தீனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கெழட்டு மாட்டுக்குக் கெடைக்கற மரியாதை பெத்த அப்பனுக்குக் கெடைக்கலையே!" என்றார்.

"நீங்களும் ஏர் இழுத்துப் பாருங்க, உங்களையும் ஏனுங்கன்னு கூப்படறேன்" என்றான் அவன்.

குளிர் வந்ததும் நான் இருக்கிற துணியையெல்லாம் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "மூட்டையப் பிரிங்க, உள்ளார ஆளு இருக்குதான்னு பாக்கோணும்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். என்னைத் தன் கல்யாணத்துக்குக் கட்டாயம் இருக்கச் சொன்னான். "மதராஸ்காரரு வந்திருக்காருன்னா பொண்ணு ஊட்டுக்காரங்க அத்தனை பேரும் உங்களையே வேடிக்கை பாப்பாங்க. என்னைய யாரும் கவனிக்கமாட்டாங்க. நான் நெம்பத் திங்கலாம்."

என்னை அங்கே சிரிக்க வைத்த ஆள் அவன் ஒருவன்தான்.

பூவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். கரும்பு பூக்கப் போகிறதென்றால் உச்சி இலை குட்டையாகிவிடும், விறைத்து நிமிர்ந்து நிற்கும். எங்கள் கண்ணுக்கு அது உடனே படும். ஒரு நாள் காலை பனிமூட்டத்தில் நாட்டுக் கரும்பின் ஓரத் தூரில் ஒரு குச்சியில் அப்படிப் பார்த்தேன். என்னையறியாமல் கத்திவிட்டேன். பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த பிர்ஜு ஓடி வந்தான்.

"இதுல இருந்து வரப்போறது பூவுங்களா?"

"ஆமாங்க தம்பி! பூவேதான்!"

அவன் முகம் மாறியது. அரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தக் குச்சியைச் சுற்றி வந்தான். "நான் கண்ணுல பாத்ததே இல்லீங்க. கதையாத்தான் கேட்டிருக்கறேன். பூத்த கரும்புக்கு எங்க பக்கம் சாவுக்கொடின்னு பேரு. வயக்காரனையோ அவன் மக்களையோ கொண்டு போயிருமாம். எங்கப்பன் பாத்திருந்தா இந்நேரம் தூரோட புடுங்கித் தீ வெச்சிருப்பாரு."

எங்கள் பக்கம் கரும்பு பூத்தால் சாறு இறங்கிவிடும், சீக்கிரம் வெட்டு என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. பண்ணையில் முதல் கதிர் வந்தால் நாங்கள் பொரிகடலை வாங்கித் தின்போம்.

"அய்யாகிட்டச் சொல்லட்டுங்களா, வேண்டாமுங்களா? நீங்க சொல்றபடி" என்றேன்.

பிர்ஜு அந்தக் குச்சியின் உச்சி இலையைத் தொடாமல் எட்டிப் பார்த்தான். பிறகு அவனுடைய பழைய சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு வருசமா அந்த மனுசன் இதுக்காகத்தானுங்களே ஊட்டை விட்டுப்போட்டு வந்து கெடக்கறாரு. சொல்லுங்க. எங்கப்பன்கிட்ட மட்டும் வாயத் தொறந்துபோடாதீங்க. அந்தப் பக்கம் அவரு வராம நான் பாத்துக்கறேன்."

அய்யா வந்தார். செருப்பைக் கழற்றினார். கதிர் முழுதாக வெளியே வரும்வரை தினமும் விடியலில் வந்து பார்த்தார். பனி காயும் முன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். கதிரைத் தொடும்போது, காய்ச்சல் இருக்கிறதா என்று குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் இடது உள்ளங்கையை வைப்பார். எங்கள் பாதியில் எதுவும் பூக்காததால், ஆற்றங்கரையில் பூத்திருந்த, கரும்புக்கு உறவான நாணலின் கதிரை நான் கொண்டுவந்து, காகிதத்தில் தட்டி மகரந்தம் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கதிரின் மேல் தூவினார். பிறகு வேறு மகரந்தம் கலக்காமல் இருக்க, வழக்கப்படி இரண்டு மூங்கில் நட்டு, கதிரைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் துணிப்பை மாட்டி, அடியில் நூலால் கட்டினோம். ஒரு மூங்கிலை பிர்ஜுதான் பிடித்திருந்தான். பை காற்றில் உப்பி ஆடியது. அய்யா பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அவ்வளவு சந்தோஷத்தில் அவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

விதை முற்றிப் பஞ்சு விடச் சில வாரம் பொறுக்க வேண்டும். அதற்குள் வெட்டினால் கையில் மிஞ்சுவது வெறும் உமி.

அந்த இடைவெளியில்தான் பிர்ஜுவுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இறங்கவே இல்லை. வயிறு உப்பியது, பேச்சுக் குழறியது. அய்யா வண்டி பிடித்துப் போய் ஆலை டாக்டரை அழைத்து வந்தார். குடல் காய்ச்சல், தண்ணீரிலிருந்து வந்தது என்றார் டாக்டர். கொதிக்க வைத்த தண்ணீரும் கஞ்சித் தெளிவும் தவிர வேறு எதுவும் கொடுக்காதீர்கள், இனி அவன் உடம்புதான் போராட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகன் படுத்துவிட்டதால் ராம்தீனே மாட்டுக்குப் புல் அறுக்க வயலுக்குப் போனார். அவரை அந்தப் பக்கம் விடாமல் தடுத்துக்கொண்டிருந்தவன் பாயில் கிடந்தான்.

நான் தொழுவத்துக்கு முன்னால் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். நேராக அய்யா முன்னால் போய் நின்றார். குரல் உயரவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அய்யா, எம் பையன் உள்ளார மூச்சு வாங்கீட்டுக் கெடக்கறான். அங்க அவனுக்குக் கொடி நட்டு, வெள்ளைத் துணியும் கட்டி வெச்சிருக்கீங்களே."

அய்யா எழுந்து நின்றார். "ராம்தீன், அது விதைக்காகக் கட்டின துணி. காய்ச்சல் தண்ணியில இருந்து வந்தது. டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீங்க."

"கேட்டனுங்க. நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும். ஆனா அது நின்னா உங்களுக்குக் கொஞ்சம் விதை. அது நிக்கறதைப் பாத்தா எனக்குக் கஞ்சி எறங்காதுங்க. எனக்கு ஒருத்தன்தானுங்க இருக்கறான்."

அய்யா என் பக்கம் திரும்பினார். "வெட்டிடலாமா, ராசப்பா?"

அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அது கேள்வியாகவே எனக்குக் கேட்டது. அவருக்கு என் பதில் வேண்டியிருந்தது. வெட்டிடலாம் என்று தலையை ஆட்டினேன். மூன்று பேரும் வயலுக்கு நடந்தோம்.

அய்யாவே நூலை அவிழ்த்தார். துணியை எடுத்து மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். உள்ளங்கையைக் கதிரின் மேல் ஒரு முறை வைத்தார், பிறகு கத்தியால் அடியோடு அறுத்து, இரண்டு கையாலும் ராம்தீனிடம் நீட்டினார். ராம்தீன் அதைத் தன் உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். அங்கே அதை எரித்துவிட்டுத் தலை முழுகி வந்தார். அன்றைக்கு ஒரு தம்ளர் கஞ்சி குடித்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "வெட்டியாச்சு கண்ணு, வெட்டியாச்சு" என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்த மாதிரிகூட இருந்தது. பிர்ஜு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். கேலியாகத்தான் இருக்கும். காதில் விழவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அவன் போய்விட்டான்.

ஊர் திரண்டு வந்தது. எங்களை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாடைக்குப் பச்சை மூங்கில் வெட்டி, வெள்ளைத் துணி போர்த்தினார்கள். அந்த மூங்கிலையும் துணியையும் பார்த்த பிறகுதான் ராம்தீன் அன்று வயலில் எதைப் பார்த்தார் என்று எனக்கு விளங்கியது. அய்யா செருப்பில்லாமல் ஆற்றங்கரைச் சுடுகாடு வரை நடந்தார்.

மாசியில் நாங்கள் கிளம்பும்போது ராம்தீன் ஸ்டேஷனுக்கு வந்தார். பழைய துணியில் வெல்லம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்தான் என் தோளைத் தொட்டார். "உங்க மேல தப்பு இல்லீங்க. நீங்க கேட்டதும் வெட்டிக் குடுத்துட்டீங்க. வெட்டறதுக்கு முந்தியே அது அவனைப் பாத்துப்போடுச்சு. எல்லாம் அந்தப் பூ செஞ்சது." அதைச் சொல்லும்போது அவர் குரல் உறுதியாக இருந்தது. அந்த உறுதியில்தான் அவர் நிற்கிறார் என்று தோன்றியது. அய்யா மறுத்துப் பேச வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

கோயமுத்தூர் திரும்பிய பிறகு அய்யா அதைப் பற்றிப் பேசவே இல்லை. பூக்காலம் நெருங்கியபோது புதுத் துணிப்பைகள் தைத்து வந்தன. அடுக்கடுக்காக வெள்ளை. அவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "துணியை மஞ்சள்ல நனைச்சுடலாமா, ராசப்பா?" என்றார். "நனைச்சுடலாமுங்க" என்றேன். என் மனைவி நஞ்சம்மாளும் மற்றப் பெண்களும் அண்டாவில் மஞ்சள் கரைத்து எல்லாப் பைகளையும் முக்கி எடுத்தார்கள். "பூவுக்குச் சீரு செய்யறாங்களாட்ட இருக்குது" என்று சிரித்தாள் அவள். நான் அவளிடமும் சொல்லவில்லை. தம்பிகளே, நீங்கள் கேட்ட சாயத்தின் கதை இவ்வளவுதான். அதனால் விதை கூடுதலாகப் பிடிக்காது. புதிய அதிகாரி சொல்வது சரி.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, வடக்கத்தி உழவர்கள் சிலரைப் பண்ணையைச் சுற்றிக் காட்ட அழைத்து வந்திருந்தார்கள். கார்த்திகை மாதம். கரும்பு முழுக்கப் பூத்திருந்த சமயம். நான் ஏணியில் நின்று பை கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ "ஏனுங்க" என்றார்கள். நம் ஆட்கள் சொல்லும் ராகத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தால் ராம்தீன். நரைத்து, இளைத்துப்போய் இருந்தார். எங்கள் பாஷையில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை. மகன் மாட்டுக்குச் சொன்னது.

இறங்கி அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மருதமலைப் பக்கம் வரை பூக்கதிர்கள், வெள்ளி வெள்ளியாக, காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து ஆடுகின்றன. அதன் நடுவே பெண்கள் கத்திப் பேசிச் சிரித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். மஞ்சள் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு என் மகள் மயிலாத்தாள் வந்தாள்.

"யாருங்கப்பா இவிய? தலைப்பாக் கட்டு நெம்ப நல்லா இருக்குதே!"

"சும்மா இரு அம்மணி. பெரியவிய" என்றேன்.

ராம்தீன் என்னிடம் கேட்டார். "உங்க மகளுங்களா?"

"ஆமாங்க."

"தெனமும் இதுக்குள்ளயா இருக்கறாங்க?"

"பொறந்ததுல இருந்து இங்கதானுங்க."

"ஒண்ணும் ஆகலீங்களா?"

பதில் அவர் கண் முன்னாலேயே நின்றது. அவர் மயிலாத்தாளைப் பார்த்தார். கதிர்களைப் பார்த்தார். தூரத்தில் குடை பிடித்துக்கொண்டு வரும் அய்யாவைப் பார்த்தார். அய்யாவும் அவரை அடையாளம் கண்டு, வந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

"அப்ப எம் பையன் எதனால செத்தானுங்க?" என்று கேட்டார் ராம்தீன்.

டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும். இரண்டு வருடமாக அவர் அந்தப் பூவைத் திட்டித் தீர்த்திருப்பார். இப்போது திட்ட யாரும் இல்லாமல் நின்றார்.

மயிலாத்தாளுக்கு ஒன்றும் தெரியாது. விருந்தாளிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று, கீழே ஒடிந்து கிடந்த ஒரு கதிரை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை கையை நீட்டிப் பிடிக்கவில்லை. மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். "மணமே இல்லீங்களே" என்றார். பிறகு தலைப்பாகையைக் கழற்றி, கதிரை அதில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். மகன் எரிந்த ஆற்றங்கரைக்கு அதைக் கொண்டுபோனாரா, வழியில் ரயிலிலிருந்து எறிந்தாரா, தெரியாது. அதன் பிறகு சேதி இல்லை.

மறு வருடம் கரும்பு இலையின் நுனி என் கண்ணில் குத்திவிட்டது. ஒற்றைக் கண்ணோடு ஏணியில் நின்று பை கட்டத் தூரம் பிடிபடாது என்பதால் வேலையிலிருந்து நின்றேன். அய்யாவும் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போதும் கோயமுத்தூர்க் கணபதிப் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு யாராவது வந்து வாசலில் "ஏனுங்க" என்று கூப்பிட்டால், எழுந்து போகுமுன் ஒரு நொடி எருதுகளின் மணிச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன்.

பிரமாதி வருடம், தை மாதம், மாட்டுப் பொங்கலன்று எழுதி முடித்தது.